உதயகலா ரீச்சரின் ஊமைப் பெட்டி

"டக்."

அவ்வளவுதான். திருச்சியிலிருந்து மழையைப் பற்றிக் கதைத்துக்கொண்டிருந்த மனிதர் சொல்லின் நடுவிலேயே காணாமற்போனார். மேசையில் இருந்த பெட்டி ஊமையாகிவிட்டது.

உதயகலா அதன் தலையில் உள்ளங்கையால் ஒன்று போட்டாள். அசையவில்லை. பக்கவாட்டில் ஒன்று போட்டாள். கையை உதறிக்கொண்டதுதான் மிச்சம்.

"என்னப்பா, திரும்பவும் போயிட்டுதே?" என்று கேட்டபடி அவளுடைய கணவர் கேதீஸ்வரன் தேத்தண்ணிக் கோப்பையோடு உள்ளே வந்தார்.

"போயிட்டுது. நீங்கள் இந்தப் பக்கம் வந்தாலே போகுது. கொஞ்சம் மெதுவா நடந்தால் என்ன? நிலம் அதிருது."

"நான் நடந்தால் நிலம் அதிருமோ? அப்ப ரயில் போகேக்கை?"

"அப்பவும்தான் போகுது."

கேதீஸ்வரன் அந்தப் பதிலில் கொஞ்சம் பெருமைப்பட்டுக்கொண்டு வெளியே போனார். அரை நிமிடத்தில் மறுபடி "டக்" என்றது. திருச்சி மழை விட்ட இடத்துக்கு மிக அப்பால் போய், யாருடைய மகளோ பரீட்சையில் சித்தியடைந்த கதையில் நின்றது.

உதயகலா கொக்குவில் ரயில் பாதையோரம் குடியிருப்பவள். யாழ்ப்பாணத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில் அவளுக்கு வந்து சேர்ந்த அந்தப் பெட்டி, உலகத்தின் எந்த மூலையோடும் கதைக்கவும் கேட்கவும் கூடிய அமெச்சூர் வானொலிச் செட். அவளுடைய அண்ணை கொழும்பு வெள்ளவத்தையில் முப்பது வருடம் அதனோடு குடித்தனம் நடத்திவிட்டு, சிட்னியில் இருக்கும் மகனிடம் போகும்போது, "நீதான் சின்னனிலையிருந்து உதுக்குப் பைத்தியம்" என்று சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டிக்கும் வயது போய்விட்டது. முகப்பில் இருந்த சின்ன விளக்குகள் எல்லாம் எப்போதோ கண்ணை மூடிவிட்டன. ஊசி காட்டும் மானி ஒரே இடத்தில் படுத்துக் கிடந்தது.

செட்டில் கதைப்பதற்கு அனுமதிப்பத்திரம் வேண்டும். உதயகலா விண்ணப்பம் போட்டிருந்தாள். அடுத்த மாதம் பரீட்சை. அதுவரை கேட்பது மட்டும்தான். மைக்கைத் தொடுவதே குற்றம் என்று நினைத்து, அதன் தலைக்கு ஒரு சின்னத் துவாயைப் போட்டு மூடி மேசையில் வைத்திருந்தாள். அனுமதி வராமல் அப்படியொரு பெட்டியை வீட்டில் வைத்திருக்கலாமா என்பதே அவளுக்குச் சரியாகத் தெரியாது. யாரிடமும் கேட்டு அறியவும் பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. முப்பது வருடத்துக்கு முன்னர், போர்க் காலத்தில், ஒரு சுருள் செப்புக் கம்பி வைத்திருந்ததற்காக அவளுடைய அண்ணையை வீட்டுக்கு வந்து கூட்டிக்கொண்டு போனார்கள். இரண்டு நாளில் விட்டுவிட்டார்கள்தான். ஆனால் அந்த இரண்டு நாளும் அம்மா வாசற்படியை விட்டு எழும்பாமல் இருந்தது உதயகலாவின் கண்ணுக்குள் இன்னும் இருந்தது. அதனால்தான் கூரையிலிருந்து முருங்கை மரத்துக்கு இழுத்த ஏரியல் கம்பியில் அவள் எப்போதும் இரண்டு துவாயும் ஒரு தலையணை உறையும் காயப்போட்டு வைத்திருந்தாள். பார்க்கிறவர்களுக்கு அது உடுப்புக் கொடி.

மூன்று கிழமைக்கு முன்னர் பெட்டியில் ஒரேயொரு குறைதான் இருந்தது. ஒலிக் குமிழைத் திருப்பினால் அப்பளம் நொறுங்குவதுபோலக் கரகரத்தது. அண்ணை சிட்னியிலிருந்து தொலைபேசியில் வைத்தியம் சொன்னார்.

"முன்பக்கத்துக் குமிழ், சுவிச்சு எல்லாத்துக்கும் துப்புரவு மருந்தை அடிச்சு, ஒவ்வொண்டையும் இருவது தரம் ஆட்டி விடு."

உதயகலா எதையும் குறைவாகச் செய்கிறவள் அல்ல. இருபத்தொரு தரம் ஆட்டினாள். தனக்குப் பழக்கமான சுவிச்சுகளைத் திரும்பப் பழைய இடத்தில் வைத்தாள். கரகரப்பு அடியோடு போயிற்று. அடுத்த நாள் சத்தமே போகத் தொடங்கியது.

அவள் கணித ரீச்சர் அல்லவா? ஒரு கொப்பியை எடுத்துக் கோடு கீறினாள். எத்தனை மணிக்குப் போனது, எத்தனை மணிக்கு வந்தது, அந்த நேரம் பக்கத்தில் என்ன நடந்தது என்று மூன்று நிரல். ஒரு கிழமையில் கொப்பியில் இப்படி இருந்தது: ரயில் போனது. குக்கர் விசிலடித்தது. அவர் தும்மினார். காகம் யன்னலுக்கு வெளியே கத்தியது. அவர் செருப்போடு நடந்தார். அவர் செருப்பில்லாமல் நடந்தார். தேங்காய் விழுந்தது. பல்லி சொன்னது.

இத்தனைக்கும் பொதுவான காரணி ஒன்று இருக்கவேண்டும். உதயகலா இரண்டு நாள் யோசித்து அதைக் கண்டுபிடித்துச் சிவப்பு மையால் எழுதிக் கீழே இரண்டு கோடும் போட்டாள்: 'அதிர்வு.'

எங்கேயோ ஒரு ஈயப்பற்று விட்டிருக்கிறது. அதிரும்போது தொடுகை போகிறது. அவள் பெட்டியைத் திறந்தாள். உள்ளே ஒரு பல்லியும் இரண்டு பல்லி முட்டையும் இருந்தன. அவற்றை மரியாதையாகக் குடிபெயர்த்துவிட்டு, சந்தேகப்பட்ட ஐம்பத்துநாலு இடங்களில் ஈயத்தை உருக்கிப் புதிதாக வைத்தாள். மூடினாள். அதிராமல் இருக்கட்டும் என்று பெட்டிக்குக் கீழே ஒரு இலவம்பஞ்சுத் தலையணையையும் வைத்தாள்.

"இனிப் போகாது" என்றாள்.

"டக்" என்றது.

அன்று பின்னேரம்தான் உண்மையான பயம் தொடங்கியது.

அவர்களுடைய மகள் சாருஜாவுக்கு ஆவணியில் கலியாணம். அதற்காக வங்கிப் பெட்டகத்திலிருந்து எடுத்துவந்த சோடிக் காப்பை எங்கே வைப்பது என்பதில் வீட்டில் நாலு நாளாக ஆலோசனை. ஊரில் களவு அதிகம். கேதீஸ்வரன் வந்து தலையணை மேல் இருந்த பெட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "காப்பை எங்கை வைச்சீர்?" என்று கேட்டார்.

"மெதுவா! வறுத்த மா வாளிக்கை."

அவர் மெதுவாகக் கதைத்ததாகச் சரித்திரம் இல்லை. யாழ்ப்பாணம் பஸ் நிலையத்தில் நேரக்கணிப்பாளராக இருபத்தெட்டு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒலிபெருக்கி பழுதான நாட்களில், பஸ் புறப்படுவதை வெறும் தொண்டையாலேயே சந்தைவரைக்கும் அறிவித்தவர். அவர் இரகசியம் சொன்னால் ரயில் கடவையில் நிற்பவர் திரும்பிப் பார்ப்பார்.

"மா வாளியே? அடியிலையோ மேலையோ?"

"அடியிலை. துணியிலை சுத்தி. போங்கோ அங்காலை."

அவர் போனார். சத்தம் வந்தது. முன்பின் கேட்டிராத ஒரு பெண் குரல், தேனாக, தெளிவாகச் சொன்னது:

"...மா வாளி எண்டால் இடியப்பம் அவிக்கிற நேரம் வெளியிலை வந்திடுமே, பாவம்..."

"ஐயோ!" என்றாள் உதயகலா.

"டக்."

மேசையிலிருந்த கோப்பை சரிந்து தேத்தண்ணி கொப்பியில் ஓடி 'அதிர்வு' என்ற சொல்லைக் கரைத்தது. அவள் அதைத் துடைக்கவில்லை. பெட்டியையே பார்த்தபடி இருந்தாள். வெயில் சுட்டெரிக்கும் நாலு மணிக்கு அவளுக்கு முதுகு குளிர்ந்தது.

கேதீஸ்வரன் நம்பவில்லை.

"கலா, ஊரிலை உள்ள பொம்பிளையள் எல்லாம் காப்பை மா வாளிக்கைதான் வைக்கிறவை. ஆரோ தங்கடை வீட்டைப் பற்றிக் கதைச்சிருக்கும். நீர் ஏன் வீணாப் பயப்பிடுறீர்?"

அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அவள் காப்பை எடுத்து இடம் மாற்றினாள். அடுத்த நாள் அவர் பெட்டியடிக்கு வந்தபோது, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு சொன்னாள்.

"இப்ப பழைய பெற்றோமாக்ஸ் பெட்டிக்கை."

"ஆ! பெற்றோமாக்ஸ் பெட்டிக்கை!" என்று கேதீஸ்வரன் பஸ் நிலையத்துக்கு அறிவித்தார். பிறகு கதிரையை இழுத்துப் போட்டு அமர்ந்து பத்திரிகையை விரித்தார். இருவரும் பேசாமல் இருந்தார்கள். சத்தம் வந்தது. மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. ஒரு முதிய ஆண்குரல்.

"...எங்கட ஊரில கள்ளன் முதல்ல தூக்குறதே பெற்றோமாக்ஸ் பெட்டியத்தான். அந்த மனுசிக்கு ஆராவது சொல்லுங்களன். வீட்டுக்காரருக்கு ஒண்டும் தெரியாதுபோல..."

பத்திரிகை மெதுவாகக் கீழே இறங்கியது. அதற்கு மேலே கேதீஸ்வரனின் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"கலா," என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருடைய குரல் தாழ்ந்திருந்தது. "இந்த வீட்டுக்கை என்னமோ வைச்சிருக்கிறாங்கள்."

"ஆர்?"

"ஆர் எண்டு தெரிஞ்சால் நான் ஏன் இப்பிடி நடுங்குறன்?"

அன்றும் அடுத்த நாளும் அவர்கள் வீட்டைத் தேடினார்கள். ஒட்டுக்கேட்கும் கருவி மொச்சைக்கொட்டை அளவில்கூட இருக்குமாம். கேதீஸ்வரன் எங்கேயோ வாசித்திருந்தார். சுவர் மணிக்கூட்டைக் கழற்றினார்கள். அது அத்தோடு நின்றது. விசிறியைக் கழற்றினார்கள். திரும்பப் பூட்டியபோது இரண்டு ஆணி மிஞ்சியதால் அதற்குக் கீழே யாரும் இருப்பதில்லை என்று தீர்மானித்தார்கள். சாமியறையில் பிள்ளையாருக்குப் பின்னால் மினுங்கும் விளக்கை, "அப்பனே, குறை நினையாதை" என்று சொல்லிக் கழற்றினார் கேதீஸ்வரன். கைத்தொலைபேசி இரண்டையும் நிறுத்திக் குக்கருக்குள் போட்டு மூடினாள் உதயகலா. அன்றைக்குச் சோறு பானையில் வெந்தது.

ஒன்றும் அகப்படவில்லை. பயம் இரட்டித்தது. அகப்படாத கருவிதான் நல்ல கருவி.

"கதைக்கிறதுக்கு இடம் ஒண்டு வேணும்," என்றார் கேதீஸ்வரன். "முற்றத்திலை ஏலாது. குசினியிலை ஏலாது. படுக்கையறைக்கு ஒழுங்கைப் பக்கம் யன்னல், தெருவாலை போறவைக்குக் கேக்கும்."

"பெட்டி இருக்கிற அறைக்கு ஒழுங்கைப் பக்கம் யன்னல் இல்லை. இருக்கிற சின்ன யன்னலையும் பூட்டிப்போடலாம். சுவரும் தடிப்பு. கதவைச் சாத்தினால் வெளியிலை ஒரு சொல்லும் போகாது."

அப்படியே முடிவாயிற்று. இனி முக்கியமான கதை எல்லாம் அந்த அறையில்தான். சின்ன யன்னலைப் பூட்டி, கதவுக்குக் கீழே சாக்கும் அடைத்தார்கள். அங்கே இருந்துதான் காப்பை இனி எங்கே வைப்பது என்று ஆராய்ந்தார்கள். மாப்பிள்ளையின் தாயாரின் குணத்தை அலசினார்கள். பக்கத்து வளவில் இருக்கும் கேதீஸ்வரனின் அக்கா பூரணம் காய்ச்சும் கூழுக்கு உப்பு அதிகம் என்பதையும் உதயகலா அங்கே இருந்துதான் முதன்முதலாகத் துணிந்து சொன்னாள்.

"உதை ஏன் இருபத்தாறு வருசமாச் சொல்லேல்லை?" என்று கேதீஸ்வரன் துள்ளினார்.

"சொன்னால் நீங்கள் இப்பிடித் துள்ளுவியள் எண்டுதான்."

வாக்குவாதம் முற்றியபோது முருங்கை மரத்தடியிலிருந்து ஒரு அலறல் கேட்டது. இருவரும் ஓடினார்கள். பூரணம் ஈரச் சேலையும் கையுமாக நிலத்தில் இருந்தாள்.

"கலா! உன்ரை கொடிக்கம்பி என்னைக் கடிச்சுப்போட்டுது!"

"கம்பி கடிக்குமே மச்சாள்?"

"கடிச்சது எனக்கெல்லோ தெரியும்! என்ரை கொடியிலை இடமில்லையெண்டு ஒரு சேலையைப் போட வந்தனான். சுள்ளெண்டு பிடிச்சு இழுத்து விட்டுது. பார், விரலிலை சுட்ட அடையாளம்!"

உதயகலா மின்சாரம் பார்க்கும் குச்சியைக் கொண்டுவந்து கம்பியில் வைத்தாள். குச்சிக்குள் இருந்த விளக்கு எரியவில்லை. கேதீஸ்வரன் கண்ணை மூடிக்கொண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். ஒன்றுமில்லை. கம்பி பரம சாதுவாகத் தொங்கியது.

"கரண்ட் இல்லை மச்சாள்."

"அப்ப வேறை என்னமோ," என்றாள் பூரணம், குரலை இறக்கி. "ரெண்டு பேரும் ஒருக்காக் கீரிமலைக் கேணியிலை போய் முழுகிப்போட்டு வாங்கோ. வீட்டிலை நல்லதொண்டு நடக்கப்போகேக்கை பொல்லாததுகள் வந்து நிக்கும்."

பொல்லாதது என்ன என்று உதயகலாவுக்குத் தெரியாது. ஆனால் இன்னொருவரைக் கடித்தால் ஏரியல் ரகசியம் ஊருக்குத் தெரிந்துவிடும் என்று மட்டும் தெரிந்தது. அன்றைக்கே கேதீஸ்வரன் ஏணி வைத்து ஏறினார். கம்பியை முருங்கையிலிருந்து அவிழ்த்து, யாருடைய கையும் எட்டாத உயரத்தில் வளவுத் தென்னையின் தலைக்குக் கட்டினார். வீட்டுப் பக்கத்து நுனியையும் தண்ணீர்த் தாங்கியின் உச்சிக்கு உயர்த்தினார்.

அடுத்த நாள் நாலு மணிக்கு ஒரு புதுக் குரல் வந்தது. கடல் தாண்டிய தமிழ்.

"...இப்ப இங்க மலேசியாவுலயும் ரொம்பத் தெளிவா கேக்குது. நேத்து வரைக்கும் பாதிதான் கேட்டுச்சு. அந்த உப்பு விசயத்தில அம்மா சொன்னது நியாயம்தான்..."

கேதீஸ்வரன் உதயகலாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.  

"மலேசியாவிலை இருக்கிறவனுக்கு எங்கடை அக்காவின்ரை கூழ் எதுக்கு?" என்றார்.

அவளும் அதையேதான் யோசித்தாள்.  தன் வீட்டு அடுப்படியை உலகம் முழுவதும் யாரோ உட்கார்ந்து எழுதி வைக்கிறார்கள். ஏன்? யாருக்கு? விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டதாலா? அண்ணையின் பழைய பெயர் ஏதாவது புத்தகத்தில் இன்னும் இருக்கிறதா? அன்று இரவு அவள் தூங்கவில்லை. காலையில் பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஏழையும் எட்டையும் கூட்டிப் பதினாறு என்று எழுதினாள். பிள்ளைகள் சிரித்தபோது, இவர்களில் யார் காட்டிக்கொடுக்கிறார்கள் என்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

செவ்வாய்க்கிழமை பூரணம் வேலிக்கு மேலால் தலையை நீட்டினாள்.

"கலா, ஒழுங்கையளிலை ஒரு வான் ஓடித் திரியுது."

உதயகலாவின் கையிலிருந்த கத்தரிக்காய் நிலத்தில் உருண்டது.

"என்ன வான்?"

"வெள்ளை வான். நேற்று ரயில் கடவையிலை நிண்டது. இண்டைக்குப் பள்ளிக்கூட ஒழுங்கையிலை. ஒரு பெட்டை, காதிலை என்னமோ மாட்டிக்கொண்டு, சைக்கிள் றிம் மாதிரி ஒரு வளையத்தை யன்னலுக்குள்ளாலை நீட்டி ஒவ்வொரு வீட்டையும் பாக்கிறாள். ஒண்டும் கேக்கிறேல்லை. ஆரோடையும் கதைக்கிறேல்லை. வளையத்தைத் திருப்புறதும் எழுதுறதும்தான்."

வான் என்ற சொல்லை அந்த ஊரில் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. ஒழுங்கையில் ஆள் பிடிக்கிற வான் ஒன்று வந்து நின்றால், ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் மனிதர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு, அது தங்கள் வாசற் படலையில் நிற்கவில்லை என்று தெரிந்த பிறகு மூச்சு விட்டு, அப்படி விட்டதற்காக வெட்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அந்தக் காலம் போய்விட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். உதயகலாவும் சொல்லியிருக்கிறாள். இப்போது அவளால் அதை நம்ப முடியவில்லை.

அவள் கேதீஸ்வரனை இழுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

"வான் வந்திட்டுது! பள்ளிக்கூட ஒழுங்கையிலையாம்!"

"என்ன நிறம்?"

"வெள்ளை!"

கேதீஸ்வரன் கதிரையில் இருந்தார். பிறகு எழும்பினார். பிறகு மறுபடி இருந்தார். அவர்கள் அரை மணி நேரம் பதறிப் பதறிக் கதைத்தார்கள். சாருஜாவைக் கொழும்பை விட்டு வரவேண்டாம் என்று சொல்வதா, மாப்பிள்ளை வீட்டுக்கு என்ன சொல்வது, ஆளைக் கொண்டுபோனால் சாரத்தோடு கொண்டுபோவார்களா, காற்சட்டை போட விடுவார்களா. கதைத்து முடித்து வெளியே எட்டிப் பார்த்தபோது, வான் அடுத்த ஒழுங்கைக்கு வந்துவிட்டது.

புதன்கிழமை அது கோயில் மூலையில் நின்றது. வியாழக்கிழமை அவர்களுடைய ஒழுங்கையின் வாயில் நின்றது. கொப்பியில் உதயகலா இப்போது சத்தத்தைக் குறிக்கவில்லை, வானைத்தான் குறித்தாள். ஒரு விசயம் அவளுக்கு விளங்கவே இல்லை. அவர்கள் பயந்துபோய் வாயடைத்துக் கிடந்த நேரங்களில் வான் வழி தெரியாத மாடுபோல அங்கும் இங்கும் திரிந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, இனி என்ன செய்வது என்று கூடிக் கதைத்த நேரங்களில்தான் நேராக அவர்களை நோக்கி வந்தது.

வெள்ளிக்கிழமை நாலு மணி. அறையில் இருவரும் இருந்தார்கள். பெட்டி தலையணையில் சாய்ந்திருந்தது.

"கிணத்துக்கை போடுவம்," என்றார் கேதீஸ்வரன்.

"என்னத்தை?"

"பெட்டியை. சாட்சியே இல்லாமல் போகட்டும்."

"அண்ணையின்ரை பெட்டியை நான் கிணத்துக்கை போடமாட்டன். நான் அதிலை ஒரு சொல்லுக் கதைச்சிருப்பனோ? மைக்கைத் தொட்டிருப்பனோ? கேக்கிறது குற்றம் எண்டால் என்னைப் பிடிக்கட்டும்."

அவள் அழுதுவிடுவாள்போல இருந்தது. கேதீஸ்வரன் வாயை மூடினார். அவளும் மூடினாள். அறை அமைதியாயிற்று.

"டக்."

ஒரு இளம் பெண்ணின் குரல், மிகப் பக்கத்தில் இருந்து, காதுக்குள் சொல்வதுபோலக் கேட்டது.

"...கிட்ட வந்திட்டம். இந்த ஒழுங்கைதான். இனி ஆள் வாயைத் திறந்து கொஞ்சம் கதைச்சால் போதும், பிடிச்சிடலாம்..."

கேதீஸ்வரன் எழும்பி நின்றார்.

"கேட்டீரே? எங்களைக் கதைக்க வைக்கப்போறாங்கள்! நான் அடி தாங்கமாட்டன் கலா. எல்லாத்தையும் சொல்லிப்போடுவன்!"

"சொல்லுறதுக்கு உங்களிட்டை என்னப்பா இருக்கு?"

"அதுதானே பயமாக் கிடக்கு! ஒண்டும் இல்லையெண்டால் ஆர் நம்புவாங்கள்?"

வெளியே வானின் இயந்திரம் உறுமுவது தடித்த சுவரையும் தாண்டிக் கேட்டது. கேதீஸ்வரன் கையைத் தலைக்கு மேல் கூப்பினார். கண்ணை மூடினார். பிறகு, இருபத்தெட்டு வருடம் பஸ் நிலையத்தை நடுக்கிய அந்தத் தொண்டையைத் திறந்து, தெரிந்த தேவாரம் ஒன்றை உச்சத்தில் தொடங்கினார்.

வான் பின்னோக்கி வந்தது. படலையடியில் நின்றது. கதவு திறந்து மூடியது.

"ஐயோ, அம்மா," என்றாள் உதயகலா. எப்போதோ இறந்துபோன தாயைத்தான் கூப்பிட்டாள்.

அவள் நடந்து போனதை அவளே உணரவில்லை. படலையில் ஒரு பெட்டை நின்றாள். இருபத்தைந்து வயதிருக்கும். காற்சட்டை, கழுத்தில் காதுக்கருவி, கையில் அந்த வளையம். அவளுக்குப் பின்னால் நரைத்த மீசையோடு வான் சாரதி.

"வணக்கம் ரீச்சர்," என்றாள் பெட்டை.

இவள் யாரென்றே தெரியாது. இவளுக்கோ தான் ரீச்சர் என்று தெரிகிறது. உதயகலா படலையைப் பிடித்துக்கொண்டாள்.

"என்ரை பேர் நிவேதனா. உள்ளை வரலாமோ? அங்கிளின்ரை பாட்டை நிப்பாட்ட வேண்டாம் எண்டு சொல்லுங்கோ. இன்னும் ஒரு நிமிசம் பாடினால் போதும்."

ஒரு நிமிசம் பாடினால் போதும். பிறகு பாட ஆள் இருக்கமாட்டார் என்பதுதானே அதன் பொருள்? உதயகலா மறுக்கவில்லை. மறுக்கிற காலம் போய்விட்டது. வளையத்தை இடதும் வலதுமாகத் திருப்பியபடி நிவேதனா விறாந்தையில் ஏறினாள். நின்ற மணிக்கூட்டைத் தாண்டினாள். யாரும் இருக்காத விசிறியின் கீழ் நடந்தாள். பிள்ளையாரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நேராகப் போய் அந்தச் சின்ன அறையின் கதவைத் தள்ளினாள்.

கேதீஸ்வரன் கண்ணைத் திறந்தார். வளையத்தைக் கண்டார். தேவாரம் நடுவில் அறுந்தது.

"பிள்ளை," என்றார், "எங்கடை மகளுக்கு ஆவணியிலை கலியாணம்."

"தெரியும் அங்கிள்," என்றாள் நிவேதனா.

அதைக் கேட்டதும் உதயகலாவின் பயம் ஒரு எல்லைக்குப் போய், அங்கே நிற்க இடமில்லாமல், கோபமாகத் திரும்பியது. மூன்று கிழமையாக மூடி வைத்த கோபம். அவள் கணவருக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என்னைக் கொண்டுபோறதெண்டால் கொண்டுபோங்கோ. அவரை விடுங்கோ, அவருக்கு ஒண்டும் தெரியாது. செட்டை வைச்சிருந்தது நான்தான். அது பழுதான செட். மூண்டு கிழமையாச் சத்தம் வந்து வந்து போகுது. நான் ஐம்பத்துநாலு இடத்திலை ஈயம் வைச்சும் சரிவரேல்லை. அதாலை ஒருத்தருக்கும் ஒரு கெடுதியும் இல்லை. போக முதல் ஒண்டை மட்டும் சொல்லுங்கோ. மணிக்கூட்டைக் கழட்டினம், விசிறியைக் கழட்டினம், சாமி விளக்கைக்கூடக் கழட்டினம். ஒட்டுக்கேக்கிற கருவியை எங்கடை வீட்டிலை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்?"

நிவேதனா அவளைப் பார்த்தாள். பிறகு மேசையைப் பார்த்தாள். சாரதி வாசலில் நின்று மீசையைக் கையால் மூடிக்கொண்டார். நிவேதனா வளையத்தை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு, மைக்கின் தலையிலிருந்த சின்னத் துவாயை இரண்டு விரலால் தூக்கினாள்.

"நாங்கள் ஒண்டையும் ஒளிச்சு வைக்கேல்லை ரீச்சர், நாங்களும் உங்களை மாதிரிச் செட்டிலை பொழுதுபோக்கிற ஆக்கள்தான், உங்கடை செட்டிலை ஒரு சுவிச்சு மாறிக் கிடக்கு, இந்த அறையிலை ஆர் வாய் திறந்தாலும் அது தன்ரை சத்தத்தை நிப்பாட்டிப்போட்டு உங்கடை சத்தத்தைத்தான் உலகத்துக்கு அனுப்புது, மூண்டு கிழமையா நாங்கள் நாலு மணிக்கு வேறை ஒண்டும் கேக்கிறேல்லை."